கடைசியாக வரும் வண்டி

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சமையலறையையும் தாண்டி, நடைபாதை முடிகிற இடத்தில் சலவைக்கூடம் இருக்கிறது. உள்ளே நுழைந்தாலே மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். பெரிய இரும்பு உருளைகளுக்குள் படுக்கை விரிப்புகள் புரளும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். அந்தக் கூடத்தின் கோடியில், வெளியே போகும் கதவை ஒட்டி, ஒரு நீளமான மேசை. அதன் பின்னால் நிற்கிற பெண்மணிதான் இந்தக் கதைக்கு நாயகி.

துவைத்து, உலர்த்தி, தேய்த்து வந்த ஒவ்வொரு துணியும் அவள் கையைத் தொட்டுத்தான் வார்டுக்குப் போகும். கறை இருந்தால் திரும்பிவிடும். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுப் பைகளை, துவைக்கப் போகும் முன்னும் பார்ப்பாள், துவைத்து வந்த பின்னும் பார்ப்பாள். பேனா கிடைக்கும், வெப்பமானி கிடைக்கும். ஒருமுறை யாருடையதோ பல்செட் கிடைத்தது. அதை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்கி, சொந்தக்காரரின் வாயில் சேர்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

ஐம்பதைத் தாண்டியவள். முழங்காலில் ஒரு அறுவை நடந்திருக்கிறது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். அதே பெண்மணி சனிக்கிழமை விடிந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பாறையும் சேறுமான மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவாள் என்றால் யார் நம்புவார்கள்?

அந்த வண்டி அவள் கணவருடையது. அவர் இருந்தவரை பின்னால் உட்கார்ந்து போனதோடு சரி. அவர் போன பிறகு அது மூடிய துணிக்குள் தூசி தின்றுகொண்டிருந்தது. விற்றுவிடலாம் என்று ஒருவரை வரச் சொன்னாள். வந்தவர் உதைத்தார், உதைத்தார், வண்டி முனகக்கூட இல்லை. "இது செத்த வண்டிம்மா. இரும்பு விலைக்குத்தான் எடுக்க முடியும்" என்றார் அவர். செத்த என்ற அந்த ஒரு சொல் அவளுக்குள் எங்கேயோ தைத்தது. அவரை விலக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே உதை. வண்டி உறுமியது. வந்தவர் இரண்டடி பின்வாங்கினார். "விக்கிற எண்ணம் இல்லீங்க" என்றாள். அன்றைக்கு அவளுக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

பிறகு கற்றுக்கொண்டாள். மருத்துவமனை வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டாள். அவள் விழுவதைத் தினமும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர் ஒருநாள் இறங்கி வந்து, "எங்க கூட்டத்துல சேர்றீங்களா? நாங்களும் விழறவங்கதான்" என்றார். சேர்ந்தாள். அந்தக் கூட்டம் அவளுக்கு வைத்த பெயர் வால் அக்கா.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. மலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். பல் டாக்டர் முதலில் போவார். பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தால், அவருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே இறங்கி, போக வேண்டிய வழியைப் பார்த்துத் தன் வண்டியின் மூக்கைத் திருப்பி வைத்துவிட்டுக் காவல் நிற்க வேண்டும். எல்லாரும் கடந்து, கடைசி வண்டியும் வந்த பிறகுதான் அவர் கிளம்பலாம். கடைசி வண்டிக்கு அடையாளம் ஆரஞ்சுக் கோட்டு. கையில்லாத, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. அதை அணிகிறவர் யாரையும் முந்தக் கூடாது. யார் விழுந்தாலும் தூக்கிவிட்டு, யார் வண்டி நின்றாலும் கூடவே நின்று, எல்லாருக்கும் பின்னால் வர வேண்டும்.

இளவட்டங்கள் யாருக்கும் அந்தக் கோட்டு பிடிக்கவில்லை. அவள்தான் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவள் அணிந்த நாளிலிருந்து மலையில் ஒருவரும் தொலைந்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த கர்வத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கோட்டை மட்டும் சலவைக்கூடத்து மேசையிலேயே தேய்த்து மடிப்பாள். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது அந்தக் கோட்டுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

மகள் உண்டாகியிருந்தாள். நிறைமாதம் நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் கூடியது. "ம்மா, இனிமே மலைக்குப் போகாதே. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யார் இருக்கா?" என்று ஒரு மாலை அழுதே விட்டாள்.

தாய் வாதாடினாள். "எனக்கு ஒண்ணும் ஆகாதுடி."

"அதை நீ சொல்லக் கூடாது. இவர் உன்கூட வரட்டும். ரெண்டு நாள் பார்க்கட்டும். வந்து, அத்தையால முடியலைன்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னா, நீ அந்தக் கோட்டைக் கழட்டிடணும். சத்தியம் பண்ணு."

இவர் என்றது மாப்பிள்ளையை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. அமைதியான மனிதர். கல்யாணமான நாளிலிருந்து மாமியாரும் மருமகனும் நேராகப் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். "அத்தைக்குக் காபி வேணுமான்னு கேளு", "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு கேளு" என்று எல்லாம் மகள் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தது. அவரிடமும் ஒரு வண்டி இருந்தது. வாங்கின பளபளப்பு இன்னும் போகாத வண்டி. தார்ச்சாலையைத் தவிர எதையும் மிதிக்காதது.

தாய் சத்தியம் செய்தாள்.

சனிக்கிழமை காலை ஐந்து வண்டிகள் கிளம்பின. டாக்டரைத் தவிர யாருக்கும் பழக்கமில்லாத மலை. முதலில் பல் டாக்டர். அடுத்து பேக்கரி வைத்திருக்கிற தம்பி, ஆள் அகலம், சிரிப்பும் அகலம். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை. நான்காவது கணக்கு வாத்தியார். கடைசியில் ஆரஞ்சுக் கோட்டு.

"மாப்பிள்ளை சார், உங்க வண்டி கண்ணாடி மாதிரி மின்னுதே. மலைக்குப் போயிட்டு வந்தா நீங்களே டெஸ்ட் பண்ணாலும் அது வண்டின்னு தெரியாது" என்றார் பேக்கரித் தம்பி.

"அவரை விடுங்க. மாமியாரை வேவு பார்க்க வந்திருக்கார். ஏற்கெனவே பயந்துபோய் இருப்பார்" என்றார் கணக்கு வாத்தியார்.

மாப்பிள்ளை ஹெல்மெட்டுக்குள் சிவந்தார். விஷயம் கூட்டத்துக்கே தெரிந்திருந்தது. மறைத்து வைக்க அவளுக்குத் தெரியாது.

தார் முடிந்து சரளைக்கல் தொடங்கியதும் மாப்பிள்ளையின் முழங்கைகள் விறைத்தன. பின்னாலிருந்து அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். கல்லைப் பார்க்கிறார், பாதையைப் பார்க்கவில்லை. சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. தன்னை அளக்க வந்தவரிடம் போய்ப் பாடம் எடுப்பதா?

மதியம் ஓடை வந்தது. முழங்காலளவு நீர், அடியில் வழுக்குப் பாறை. டாக்டர் கடந்தார், பேக்கரித் தம்பி கடந்தார். மாப்பிள்ளை நடுவில் பயந்து பிரேக்கைப் பிடித்தார். அவ்வளவுதான். வண்டியும் அவரும் ஒன்றாகப் படுத்தார்கள். எல்லாருமாக இழுத்துக் கரை சேர்த்தபோது அவர் உடையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே மேகம் இறங்கி வந்தது. காற்று ஊசியாகக் குத்தியது. அவருடைய பல் தந்தியடித்தது.

"பல்லைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார் டாக்டர். மாப்பிள்ளையால் சிரிக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். ஆரஞ்சுக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள்.

"போட்டுக்குங்க மாப்பிள்ளை."

"வேண்டாம் அத்தை. இது உங்களோட..."

"உங்க பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லணும். போடுங்க. எனக்கு உள்ளே ஸ்வெட்டர் இருக்கு."

மகளை நடுவில் வைக்காமல் இருவரும் இவ்வளவு பேசிக்கொண்டது அதுவே முதல் முறையாக இருக்கும். அவர் போட்டுக்கொண்டார். சூடு ஏறியது. நடுக்கம் நின்றது. அந்த முகத்தைப் பார்த்த தாய் மனம் குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த மனத்தில் எச்சரிக்கை இருப்பதில்லை. அங்கிருந்த ஐந்து பேரில் ஒருவருக்காவது உறைக்க வேண்டாமா? இத்தனை வருட அனுபவம் உள்ள டாக்டருக்குக்கூட உறைக்கவில்லை. நடுங்குகிற ஒரு மனிதனைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அவர் மேல் ஏறிய நிறத்தை யாரும் பார்க்கவில்லை.

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே கணக்கு வாத்தியாரின் வண்டிச் சங்கிலி கழன்றது. அவள் நின்றாள். முன்னால் போனவர்களுக்குக் கையை அசைத்தாள், போய்க்கொண்டே இருங்கள் என்று. அதுதானே வழக்கம். சங்கிலியை ஏற்றிக் கை துடைப்பதற்குள் மூடுபனி கவிந்துவிட்டது.

மேலே பாதை இரண்டாகப் பிரிந்தது. விதிப்படி பேக்கரித் தம்பி அங்கே இறங்கி, வண்டியின் மூக்கை இடப்பக்கம் திருப்பி நிறுத்தினார். காவலும் நின்றார். ஆனால் ஓடைக் குளிர் அவர் வயிற்றுக்குள் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளிப் பாறை மறைவில் ஒதுங்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டிச் சத்தம். அவசரமாக வெளியே வந்தவர் கண்ணில் பட்டது, இடப்பக்க வளைவில் பனிக்குள் மறைகிற ஆரஞ்சு முதுகு.

"அட, வால் அக்காவே போயாச்சு" என்று சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் அதற்கு முன்பே போயிருப்பார்கள் என்று நினைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளும் வாத்தியாரும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே காற்றைத் தவிர யாரும் இல்லை.

"என்னக்கா, ஒருத்தரையும் காணோம்?"

அவள் கை தானாக மார்பைத் தொட்டது. ஸ்வெட்டர்தான் தட்டுப்பட்டது. எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"என் தப்பு சார். கோட்டைக் கழட்டிட்டேன். மாப்பிள்ளையைப் பார்த்து நான்னு நினைச்சுப் போயிட்டாங்க."

வாத்தியார் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். சிக்னல் இல்லை. பாதையைக் குனிந்து பார்த்தார். தூறல் தடங்களைக் கழுவியிருந்தது. "ரெண்டு வழி. ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. பாதிக்குப் பாதி. ஏதாவது ஒண்ணுல போய்ப் பார்த்துடலாமா? இருட்டறதுக்குள்ள போகணும்."

"வேண்டாம் சார். காவல் இல்லாத இடத்துல நாமளா வழி தேடக் கூடாது. நிக்கணும். வருவாங்க."

"வரலைன்னா?"

"வருவாங்க."

சொல்லிவிட்டாள். உள்ளுக்குள் அவளுக்கும் அதே கேள்வி. முழங்கால் வலித்தது. தூறல் ஸ்வெட்டரில் இறங்கியது. மகளின் முகம் வந்து நின்றது. யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையே இல்லை, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தாள். இதுதான் கடைசிப் பயணம். எல்லாரையும் கரை சேர்த்தவள், கடைசியில் தானே வழியில் நிற்கிறாள். வண்டியின் முன்விளக்கைப் போட்டாள். அந்த வெளிச்சத்தைப் பாதையின் பக்கம் திருப்பி வைத்தாள். பிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரை வாத்தியாருக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

மலை விடுதியில் அந்த நேரம் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்த டாக்டர், வண்டிச் சத்தம் கேட்டு அப்போதுதான் வராந்தாவுக்கு வந்தார். ஆரஞ்சுக் கோட்டு வந்து இறங்கியது. பின்னாலேயே பேக்கரித் தம்பி. "வால் வந்தாச்சு, எல்லாரும் வந்தாச்சு. உள்ளே வாங்கக்கா, சூடா ஏதாவது குடிக்கலாம்" என்றார் டாக்டர்.

ஆரஞ்சுக் கோட்டு ஹெல்மெட்டைக் கழற்றியது. உள்ளே மாப்பிள்ளையின் முகம்.

பேக்கரித் தம்பியின் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"அத்தை எங்கே?" என்றார் மாப்பிள்ளை.

தன் மார்பைக் குனிந்து பார்த்த அவருக்கு அந்த நிறம் நெருப்பாகச் சுட்டது. கழற்றிய ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டினார்.

"நீங்க இருங்க, நாங்க போறோம்" என்றார் டாக்டர். "வழியில இருக்கிற சேத்துச் சரிவுல உங்களால திரும்ப ஓட்ட முடியாது."

"அத்தை என்னாலதான் அங்கே நிக்கிறாங்க. நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்க."

காலையிலிருந்து கல்லைக் கண்டு நடுங்கின மனிதர் அவர். அந்தச் சரிவில் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பளபளத்த வண்டியின் பக்க விளக்கு ஒன்று உடைந்து தொங்கியது. அவர் நிற்கவில்லை.

பனிக்குள் முதலில் சத்தம் கேட்டது. அப்புறம் ஒற்றை வெளிச்சம். அதன் பின்னால் ஆரஞ்சு. தன் கோட்டு தன்னைத் தேடி வருவதை அவள் அன்றுதான் பார்த்தாள். வண்டியை நிறுத்தத் தெரியாமல் நிறுத்தி, ஓடி வந்து, மூச்சிரைக்க நின்றார் மாப்பிள்ளை. உடம்பெல்லாம் சேறு.

"விழுந்தீங்களா?" என்றாள்.

"விழுந்தேன் அத்தை."

"அடி?"

"இல்லை." கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். பொத்தான்களைப் போட்டுவிட வந்த கையை, என்ன நினைத்தாரோ, பாதியிலேயே இழுத்துக்கொண்டார். "போகலாம்னு வாத்தியார் சொல்லலையா?"

"சொன்னார். நீங்க வருவீங்கன்னு நின்னோம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் இருந்தது தூறலா என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் வந்து சேர்ந்த டாக்டர், அந்த முகத்தில் வெளிச்சம் விழாமல் தன் வண்டி விளக்கை அணைத்துவிட்டார்.

விடுதியில் அன்று பெரிய சண்டை. ஆனால் வினோதமான சண்டை. அந்தக் கூட்டத்தில் தப்பு செய்தவர்தான் எல்லார் பாத்திரத்தையும் கழுவ வேண்டும்.

"கோட்டைக் கழட்டினது நான். நான்தான் கழுவணும்" என்றாள்.

"காவலை விட்டுட்டு ஒதுங்கினவன் நான்" என்றார் பேக்கரித் தம்பி.

"போட்டுக்கிட்டது நான்" என்றார் மாப்பிள்ளை.

"கோட்டு மாறினதைப் பார்த்துக்கிட்டே நின்ன தலைவன் நான்" என்றார் டாக்டர்.

"என் சங்கிலி கழலாம இருந்தா ஒண்ணுமே இல்லை. ஆனா நான் கழுவ மாட்டேன், எனக்குக் குளிருது" என்றார் கணக்கு வாத்தியார்.

கழுவும் தொட்டியில் நான்கு பேருக்கு இடமில்லை. இருந்தும் நின்றார்கள்.

பாத்திரம் துடைத்தபடியே அவள் மெல்லச் சொன்னாள்: "மாப்பிள்ளை, நடந்ததை அப்படியே அவகிட்ட சொல்லிடுங்க. எதையும் மறைக்க வேண்டாம்."

"மறைக்க மாட்டேன் அத்தை."

அவர் குரலில் எந்தப் பக்கமும் சாய்வு இல்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஞாயிறு பளிச்சென்று விடிந்தது. திரும்பும் வழியில் டாக்டருக்கு அடுத்ததாக மாப்பிள்ளை வந்தார். அதே பிரிவு வந்ததும் அவரே இறங்கி, வண்டியின் மூக்கைத் திருப்பி வைத்து நின்றார். பேக்கரித் தம்பி கடந்தார். "ஒதுங்கணும்னா இப்பவே சொல்லுங்க, நான் நிக்கிறேன்" என்று கத்திக்கொண்டே போனார். வாத்தியார் கடந்தார். கடைசியாக ஆரஞ்சு வந்தது.

போங்கள் என்று கையசைத்துவிட்டு அவர் கிளம்பியிருக்கலாம். ஆனால் நடுப்பாதையில் வந்து நின்று கையை நீட்டி மறித்தார். அவள் வண்டியை நிறுத்தினாள்.

"கண்ணாடியைத் தூக்குங்க."

"என்னது?"

"ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குங்க அத்தை. கோட்டைப் பார்த்து விட மாட்டேன். முகத்தைப் பார்த்துத்தான் விடுவேன்."

அவள் தூக்கினாள். அவர் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனையோ கண்களைப் பார்க்கிற மனிதர் அவர். அந்தக் கண்களில் தளும்பியதற்கு அவரிடம் கண்ணாடி இல்லை.

"சரி, போங்க" என்றார்.

"இல்லை. நான்தான் கடைசி. நீங்க முன்னாடி போங்க" என்றாள் அவள், தலையை நிமிர்த்தி.

வீட்டு வாசலில் மகள் இடுப்பில் கை வைத்து நின்றாள். சேறு படிந்த இரண்டு வண்டிகளையும், உடைந்த விளக்கையும், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். ஓடையை, கோட்டை, பனியை, தூறலில் நின்றதை. ஒன்றையும் விடவில்லை. தாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆக, அம்மா தப்பு பண்ணியிருக்காங்க" என்றாள் மகள்.

"பண்ணாங்க. எனக்காகப் பண்ணாங்க."

"அப்போ முடியலைன்னுதானே அர்த்தம்?"

"அதை நான் சொல்ல மாட்டேன். வழி தெரியாதப்ப, வாத்தியாரே போயிடலாம்னு சொன்னப்ப, உங்கம்மா நின்னாங்க. முழங்கால் வலியோட நின்னாங்க. அங்கே திரும்பிப் போனப்ப எனக்குப் பயமே இல்லை. பாதை பிரியற இடத்துலயே நின்னுக்கிட்டு இருப்பாங்கன்னு தெரியும். அப்படி எத்தனை பேரை நாம நம்ப முடியும், சொல்லு?"

மகள் எழுந்து வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேறு படிந்த ஆரஞ்சுக் கோட்டைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"போய்ட்டு வாம்மா. ஆனா என்னைப் பிரசவத்துக்கு உள்ளே கூட்டிட்டுப் போற அன்னிக்கு, யார் வந்தாலும், யார் போனாலும், அந்தக் கதவுகிட்ட கடைசி வரைக்கும் நீ நிக்கணும்."

"அதுக்குத்தான்டி நான் இருக்கேன்" என்றாள் தாய்.

"இதைப் போட்டுக்கிட்டு நிக்காதே. நர்ஸெல்லாம் பயந்துடுவாங்க" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று பேர் கன்னமும் ஈரமாக இருந்தது.

திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் உருளைகள் வழக்கம்போல் புரண்டன. வேலை முடிந்ததும் அவள் ஆரஞ்சுக் கோட்டை எடுத்தாள். துவைக்கப் போடும் முன் பைகளுக்குள் கையை விட்டுப் பார்த்தாள், எந்தத் துணிக்கும் பார்ப்பது போல. உள்ளே ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. மூக்குக்கண்ணாடி துடைக்கிற சின்ன நீலத் துணி. ஓடையில் நனைந்தபோது மாப்பிள்ளை தன் சட்டையிலிருந்து மாற்றி வைத்திருப்பார்.

கிடைத்த பொருளை உடனே உரியவரிடம் சேர்ப்பதுதான் அவள் பழக்கம். இதை மட்டும் அவள் சேர்க்கவில்லை. கோட்டைத் துவைத்து, தேய்த்து, அந்த மேசையில் மடித்து வைத்தாள். அப்புறம் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நீலத் துணியால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். அடுத்த முறை யாராவது தூக்கச் சொன்னால் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா.